மலாயாத் தோட்டப் பெண்களின் போர்க்காலத்தைக் கதையாக்க: புதிதாக எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானியர் தோட்டத் தொழிலாளர்களையும் கொண்டுபோய்ப் பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பற்றியோ நேதாஜியின் படையைப் பற்றியோ தேடினால் ஆண்களின் கதை ஓரளவு கிடைத்துவிடும். மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்த 1942 முதல் 1945 வரை அங்குள்ள ரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பாருங்கள். கேப்டன் லட்சுமியின் படம் ஒன்று வரும், அப்புறம் வெறிச்சோடிப் போகும். அந்த வெறுமையில்தான் நானும் ரொம்ப நாள் அலைந்தேன். எதை முதலில் படிப்பது, யாரிடம் போவது, எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரலாறு சொல்லப் போவதில்லை. கதை எழுதத் தேவையான வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், அதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது.

1. முதலில் ஆளை முடிவு செய்யுங்கள்

"போர்க்காலப் பெண்கள்" என்று பொதுவாக வைத்துக்கொண்டு கிளம்பினால் கடைசிவரை குறிப்பு எடுத்துக்கொண்டேதான் இருப்பீர்கள். ஒரு பெண், ஓர் இடம், அதிகபட்சம் இரண்டு வருடம். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெரும்பாலும் உங்கள் ஆள் இந்த மூவரில் ஒருத்தியாக இருப்பாள்:

முதலாமவள், புருஷனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிள்ளைகளோடு நின்றவள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். பிறகு லாரியில் வளைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவை அடைத்த கதைகளும் உண்டு. இரண்டாமவள், தானும் குடும்பத்தோடு அந்தப் பாதைக்கே போனவள். இப்படிப் போனவர்கள் உண்டு, எழுதப்பட்டது மிகக் குறைவு. மூன்றாமவள், நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவள். அந்தப் படையின் முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி எழுதப் படிக்கத் தெரியாத தோட்டப் பெண்கள்.

என் யோசனையைக் கேட்டால் முதலாமவளைத்தான் சொல்வேன். மூன்றாமவள் மேல் எல்லோருக்கும் ஆசை வரும், சீருடை இருக்கிறதல்லவா. ஆனால் ராணிப் படையைப் பற்றி நினைவுக் குறிப்பு விட்டுச்சென்றவர்கள் பெரும்பாலும் படித்த, நகரத்துப் பெண்கள். தோட்டத்திலிருந்து போன ராணியை அந்தக் குறிப்புகளின் ஓரத்தில்தான் பார்க்க முடியும். முதல் கதைக்கே அது கடினம்.

2. பணமும் நாட்களும்

ஒரு சிறுகதைக்கு மூன்று நான்கு மாதம் படிப்பும் குறிப்பும் போதும். நாவல் என்றால் எழுதும் காலத்தைச் சேர்க்காமலே ஒரு வருடம் வையுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு செய்கிறவர்கள் இரண்டு வருடம்.

செலவில் முக்கால்வாசி பயணம்தான். ஆவணங்களில் பெரும்பகுதி இலவசம். அதனால் பயணத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலிலேயே மலேசியா போய்வந்த உற்சாகத்தில் எழுத உட்கார்ந்தவர்கள், எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று திரும்பிவந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் தங்கும் சலுகையை மலேசியா 2023 டிசம்பரில் தொடங்கியது. டிக்கெட் போடுமுன் அது நீடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் வாங்க வேண்டாம். கைப்பேசியும், சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக்கும் போதும். சமையலறை மின்விசிறிச் சத்தத்தில் ஒரு பாட்டியின் குரல் மொத்தமாகக் கரைந்துபோவதை ஒருமுறை கேட்டால் அந்த மைக்கின் அருமை தெரியும்.

3. வீட்டில் உட்கார்ந்தே படிக்கக்கூடியவை

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜப்பானியர் நடத்திய 'சியோனான் ஷிம்பன்' இதழ்கள் அதில் உள்ளன. தலைப்புச் செய்தியைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது முழுக்கப் பிரச்சாரம். விளம்பரம், பங்கீட்டு அறிவிப்பு, விலைப்பட்டியல், "காணவில்லை" அறிவிப்பு, ஊரடங்கு நேரம், இவற்றைப் படியுங்கள். 1945 கடைசியிலும் 1946லும் வந்த இதழ்களை விடாதீர்கள். மூன்றரை வருடம் வாய்மூடி இருந்தவர்கள் பேச ஆரம்பித்த மாதங்கள் அவை. 'தமிழ் முரசு'ம் அந்தத் தொகுப்பில் இருக்கிறது.

அடுத்தது சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள். ஜப்பானியர் காலம் பற்றித் தனித் தொகுப்பே உண்டு. சிலவற்றை அப்படியே கேட்கலாம். சிலவற்றுக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். இந்த விண்ணப்பத்தை முதல் வாரமே போட்டுவிடுங்கள், பதில் வரும்வரை மற்றதைப் படிக்கலாம். கேட்பதற்கு அனுமதி கிடைத்தாலே மேற்கோள் காட்டவும் அனுமதி என்று நினைக்க வேண்டாம். அது வேறு.

சிங்கப்பூரில் நடந்த 131 போர்க்குற்ற விசாரணைகளுக்கு ஒரு தனி இணையதளம் இருக்கிறது. மரண ரயில் வழக்குகளும் அதில் உண்டு. சாட்சிகளில் பெண்களைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்), கிராணி (தோட்டக் குமாஸ்தா) போன்றவர்கள் கொடுத்த வாக்குமூலம் எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கே நின்று படியுங்கள். எந்த முகாமில் எத்தனை பேருக்குக் காலரா, யார் பிணத்தை எரித்தது, அரிசி எவ்வளவு அளந்தார்கள் என்று அவர்கள் சொல்லும்போதுதான் "கூலிகளின் மனைவிமார்" என்று ஒரு வரி எட்டிப் பார்க்கும். அந்த ஒரு வரி உங்களுக்கு ஓர் அத்தியாயம்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலை இங்கிருந்தே தேடலாம். போர் அலுவலகக் கோப்புகளில் டபிள்யூ.ஓ. 203, 208, 235, 325 ஆகிய வரிசைகள் நமக்குப் பயன்படும். நகல் கேட்டால் பக்கக் கணக்கில் பணம் ஏறும். லண்டனில் படிக்கிற தம்பி, தங்கை யாராவது இருந்தால் கேளுங்கள். வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோனால் கொடுப்பார்கள். சொந்தக் கேமராவில் படமெடுக்கவும் காசு இல்லை. ஒரு நாள் உட்கார்ந்தால் மாதக்கணக்கில் படிக்கக் கிடைக்கும்.

தேடும் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ்ப் பெயர்களை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். லட்சுமி என்பது லெட்சிமி, லெச்சுமி, லச்மி என்று பல உருவத்தில் இருக்கும். முனியம்மாவும் அப்படித்தான். பாதிப் பெண்களுக்குப் பெயரே இருக்காது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், அவ்வளவுதான். அதனால் தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள், ஆளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

இன்னொரு பொறி: 2016 ஜனவரி 23 அன்று மத்திய அரசு வெளியிட்ட நேதாஜி கோப்புகள். 100 கோப்பு என்றதும் எல்லோரும் பாய்ந்து திறப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை அவருடைய மறைவு பற்றிய சர்ச்சை. தோட்டத்துப் பெண்ணைத் தேடுகிற உங்களுக்கு அங்கே ஒரு வாரம் வீண்.

4. ஓய்வூதியக் கோப்பு

ராணிப் படையிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களைப் பற்றி எழுதுவதாக இருந்தால் மட்டும் இது தேவைப்படும். 1972இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தவர்கள் தங்கள் போர்க்காலத்தைத் தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிறைச் சான்று இல்லாதவர்கள் சக கைதியிடம் சான்று வாங்கி இணைத்திருப்பார்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையை அரசாங்கத்துக்காக ஒன்றரைப் பக்கத்தில் எப்படிச் சுருக்குகிறாள் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

இவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்துறையிலும் கிடக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "தனிநபர் தகவல், தர இயலாது" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். 20 வருடத்துக்கு முந்தைய விஷயங்களுக்கு அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு வழி விடுகிறது. அதைக் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மனுவில் "ஆராய்ச்சிக்காக, நாவலுக்காக" என்றெல்லாம் கதை சொல்ல வேண்டாம். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை, சொன்னால் வீணாகக் கேள்விதான் வளரும்.

5. ஆட்களிடம் பேசுவது

1943இல் பன்னிரண்டு வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். எனவே நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் மகளையும் பேத்தியையும்தான். குறைவாக நினைக்காதீர்கள். அம்மா யாரிடமும் சொல்லாததை மகள் கேட்காமலே தெரிந்து வைத்திருப்பாள்.

போனதும் "ஜப்பான்காரன் உங்களை என்ன செய்தான்?" என்று ஆரம்பித்தவர்களுக்கு வாய் திறந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் நோட்டிலேயே எழுதாதீர்கள். சமையலில் தொடங்குங்கள். அரிசி இல்லாதபோது என்ன பொங்கினீர்கள், மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் செய்தீர்கள், உப்பு எங்கே கிடைத்தது, சோப்புக்கு என்ன செய்தீர்கள், பிள்ளைக்குத் துணி? துணி என்று கேட்டவுடன் பேச்சு தானாக ஓடும். அந்தக் காலத்தில் சாக்கைத்தான் கட்டினார்கள். ஒரு பாட்டி எனக்குச் செய்தே காட்டினார். சாக்கை நாள்கணக்கில் ஓடையில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, பிரித்து, ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். நூல் கிடையாது, சாக்கிலிருந்தே உருவி எடுத்த சணல்தான். விரலில் சணலைச் சுற்றி இழுக்கும் அந்த அசைவு எண்பது வருடம் கழித்தும் அவர் கையில் அப்படியே இருந்தது. "மழையில நனைஞ்சா கனக்கும் பாரு, இடுப்பே விட்டுப் போகும்" என்றார். அப்புறம், "அதக் கட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போக வெக்கம். அதனாலதான் அக்கா போகல" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எங்கே போகவில்லை என்று நான் கேட்கவில்லை. என் கதை முழுவதும் அந்த "போகல"விலிருந்து வந்தது.

சில நடைமுறை விஷயங்கள்.

பாட்டியிடம் கேள்வி கேட்டால் மகன் பதில் சொல்வார். தேதி, தலைவர் பெயர், அரசியல் என்று சொல்லிக்கொண்டே போவார். பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மரியாதைக்காக எழுதிக்கொள்ளவும் செய்யுங்கள். பிறகு அவர் வேலைக்குப் போகும் நேரம் பார்த்து இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். மருமகளோ பேத்தியோ கூட இருந்தால் நல்லது. நீங்கள் ஆணாக இருந்தால் ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துப் போவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியை இரண்டு முறை கேளுங்கள். தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத் தமிழ்த் தாள் போதும்: உங்கள் பெயர், முகவரி, எதற்காகப் பதிவு, பெயர் மாற்றப்படும் என்ற உறுதி, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்ற வரி, தேதி. கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். கைரேகை கேட்கவே கேட்காதீர்கள். கைரேகை என்றால் அந்தத் தலைமுறைக்குக் கூலியாட்களை மேய்த்த கங்காணியிடம் பட்ட கடன்தான் நினைவுக்கு வரும். வாய்மொழியாகச் சம்மதம் சொல்வதைப் பதிவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பணம் கொடுக்காதீர்கள். பிஸ்கட் டின், பழம், இவை போதும்.

"அதெல்லாம் எதுக்கு கண்ணு இப்ப" என்ற சொல் வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கதை எழுத உங்களுக்கு வாக்குமூலம் தேவையில்லை. அந்தப் பேச்சு எந்த இடத்தில் நின்றது, அதற்கு முந்தைய வரி என்ன என்று பேருந்தில் ஏறியதும் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜப்பான் காலமும் அதற்குப் பின் 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலமும் பலர் நினைவில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். முள்வேலி, அடையாள அட்டை, வேலைக்குக் கொண்டுபோன சோற்றை வாசல் கேட்டில் நிறுத்திச் சோதித்தது என்று வந்தால் அது அநேகமாக வெள்ளைக்காரனின் அவசரகாலம். அடையாள அட்டையே 1948இல்தான் வந்தது. பேசுகிறவரை அங்கேயே திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

6. பார்க்க வேண்டிய இடம்

பால்மரம் வெட்டுவதைக் கண்ணால் பார்க்காமல் எழுதக் கூடாது. அதற்கு மலேசியாவே போக வேண்டும் என்றில்லை. போனாலும் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனை (எண்ணெய்ப் பனை). கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் போங்கள், ரப்பர் இருக்கிறது. முதல் நாள் இரவே போய்த் தங்கி, விடியுமுன் வெட்டுக்காரர்களோடு நடக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும், நீங்கள் எட்டு மணிக்குப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

போனால் கையைப் பாருங்கள். உளியை வைக்குமுன் நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால் இழையை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்துப் பைக்குள் போடுவார்கள். மலாயாத் தோட்டத் தமிழில் அது கோட்டுப்பால். அந்தப் பை நாள் முழுக்க நாறும். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் பெண்களின் தலைமுடியில் அந்த நாற்றம் இருக்கும். தோட்டப் பெண்ணைப் பற்றி எழுதிவிட்டு இந்த நாற்றத்தை விட்டவர் தோட்டத்தை அஞ்சலட்டையில் பார்த்தவர்.

தாய்லாந்தில் காஞ்சனபுரி போகலாம். பாங்காக் தோன்புரி நிலையத்திலிருந்து நாம் தோக் வரை ரயில் ஓடுகிறது. நான் போனபோது வெளிநாட்டவருக்கு 100 பாட். குவாய் ஆற்றுப் பாலத்தில் படமெடுக்கும் கூட்டத்தைத் தாண்டிப் போனால் ஊருக்குள் போர்க் கல்லறை. புல் வெட்டி, பெயர் பொறித்து, அழகாக வைத்திருக்கிறார்கள். அங்கே கிடப்பவர்கள் நேச நாட்டுச் சிப்பாய்கள். நம் ஆட்கள் அந்த வரிசையில் இல்லை. இருக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

மலேசிய தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில் இருக்கிறது. வெளிநாட்டவர் என்றால் நேரில் போய் நிற்பதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். கடவுச்சீட்டு நகல், என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கம், ஏதாவது ஒரு கல்லூரியோ நூலகமோ கொடுத்த அறிமுகக் கடிதம், இவை கையில் இருந்தால் எந்தக் காப்பகத்திலும் பேச்சு எளிது. பதில் வர வாரங்கள் ஆகும்.

7. நாள், மணி, காசு: கதை கவிழும் இடங்கள்

இந்தப் பகுதியைத் தனியாக எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த வாசகர் முதலில் உங்களைப் பிடிப்பது இங்கேதான்.

மணி: 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதன்பின் மலாயா முழுக்கத் தோக்கியோ நேரம், கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால். கடிகாரம் எட்டு காட்டும்போதுதான் விடியும். உங்கள் நாயகி "ஆறு மணிக்கு வெளிச்சத்தில்" பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போனால் தவறு. வருடமும் 2602, 2603 என்று ஜப்பான் கணக்கில் அச்சாகும். சிங்கப்பூரின் பெயர் சியோனான்.

கடிதம்: இது பெரிய பொறி. போர் முடியும்வரை ஊருக்குத் தபாலும் இல்லை, கப்பலும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு 'ரஜுலா' வழக்கம்போல வந்து போனதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். 1943இல் தஞ்சாவூர் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது.

காசு: பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் ஜப்பான் பணத்துக்கே வாழைமர நோட்டு என்று பெயர். போகப் போக மூட்டையாகக் கொடுத்தாலும் சாமான் வராது. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதம். மூன்று வருடம் மறைத்துச் சேர்த்த ஒருத்திக்கு அந்த ஒரு வாரம் எப்படி இருந்திருக்கும் என்பதே ஒரு சிறுகதை. யாராவது எழுதுங்கள்.

ரயில்: பர்மாவின் தன்பியூசயாத்திலிருந்து சயாமின் பான் போங் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17 அன்று இரு முனையும் சேர்ந்தன. அதற்குப் பிறகும் பழுது பார்க்கவும் விறகு வெட்டவும் ஆட்களை வைத்திருந்தார்கள். "அக்டோபரோடு எல்லோரும் திரும்பினார்கள்" என்று எழுத முடியாது. செத்தவர் தொகை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். கதையில் எண்ணைத் தவிர்த்துவிடுங்கள். லயத்தில் எத்தனை வீடு பூட்டியிருந்தது என்பதே போதும்.

ராணிப் படை: பயிற்சி எடுத்தார்கள், துப்பாக்கி சுடப் பழகினார்கள், பர்மாவுக்குப் போனார்கள், மேமியோவில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். போர்முனையில் இறக்கப்படவில்லை. இம்பாலில் ராணிகள் சுட்டுக்கொண்டே முன்னேறும் காட்சி சினிமாவுக்குச் சரி. பின்வாங்கியதுதான் அவர்களின் பெரும் அனுபவம். 1945 ஏப்ரல் 24 அன்று ரங்கூனை விட்டு, லாரி, நடை, ரயில் என்று பாங்காக் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம். பர்மாவிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை என்றால் அது அந்த மரண ரயில் பாதைதான். அப்பன் எலும்பு கிடக்கும் பாதையில் மகள் சீருடையோடு வருகிறாள். ஆவணத்தில் இப்படி ஒருத்தியை நான் பார்க்கவில்லை, ஆனால் இருந்திருக்க முடியாதா என்ன? கற்பனைக்கு இடம் இங்கேதான்.

பெயர்கள்: மலேசியா என்ற பெயர் 1963இல் வந்தது. அப்போது மலாயா. தாய்லாந்து என்று பெயர் மாறியது 1939இல், ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் சயாம்தான்.

8. பேச்சு

மதுரைத் தமிழையோ சென்னைத் தமிழையோ லயத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். துரை, கிராணி, கங்காணி, பெரட்டு, தீம்பார், நிரை, மங்கு, காண்டா, ஆயாக் கொட்டகை, கம்பம், இந்தத் தோட்டத்துச் சொற்கள் சும்மா வரிசையாக வந்தால் போதாது, வாக்கியத்தில் தானாக உட்கார வேண்டும். அதற்கு ஒரே வழி பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பது. ஐந்து சொல்லுக்கு மேல் அடிக்குறிப்பு போட வேண்டி வந்தால் நீங்கள் அவற்றைக் காட்சிப் பொருளாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

ராணிப் படையில் கட்டளை இந்துஸ்தானியில். தமிழ் தவிர வேறு தெரியாத பெண் "சாவ்தான்" என்ற சொல்லுக்கு நிமிரக் கற்றுக்கொள்கிறாள். இதை நகைச்சுவையாக எழுதலாம், எழுதவும் வேண்டும். போர்க்காலம் என்றால் ஒரு பெண்ணும் சிரித்ததே இல்லை என்பதுபோல் எழுதுவது இன்னொரு பொய்.

9. மறைந்ததை எழுதும்போது

இதுவரை சேர்த்ததெல்லாம் இதற்காகத்தான். எது சொல்லப்படவில்லையோ அதை நேரடியாகக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு வரும். கொஞ்சம் அடக்குங்கள். வன்முறையை வர்ணிக்கும் பத்தியில் பெண் காணாமல் போய்விடுகிறாள், எழுதியவரின் கை மட்டும்தான் தெரிகிறது. அதன் சுற்றுவட்டத்தைக் காட்டுங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அவசரமாக நடந்த கல்யாணம். முகத்தில் பூசிய கரி. ஒட்ட வெட்டிய தலைமுடி. லாரிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அடுப்பை அணைக்கும் ஒருத்தி.

எல்லாக் குற்றத்தையும் ஜப்பான்காரன் தலையில் கட்டிவிடுவது சுலபம். புருஷன் போன வீட்டில் அரிசிக்குக் கணக்குப் பார்த்தவர்கள் நம் ஆட்களாகவும் இருந்திருக்கலாம். சயாமுக்கு அனுப்பும் பட்டியலில் யார் பெயரைச் சேர்ப்பது என்பதும் தோட்டத்துக்குள்ளேயே முடிவானதுண்டு. அதேபோல, செத்துவிட்டான் என்று நினைத்து வேறொருவனோடு வாழத் தொடங்கியவளிடம் 1945 கடைசியில் முதல் புருஷன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து நிற்பது தோட்டங்களில் நடந்தது. அவளைத் துரோகி என்றோ தியாகி என்றோ தீர்ப்பெழுதாமல், அன்று ராத்திரி அவள் யாருக்கு முதலில் சோறு போட்டாள் என்று எழுத முடிந்தால் நீங்கள் எழுத்தாளர்.

படையில் சேர்ந்தவர்களையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள். நாட்டுக்காகச் சேர்ந்தவள் உண்டு. முகாமில் சோறு கிடைக்கும் என்று சேர்ந்தவள் இருந்திருப்பாள், கங்காணி கண்ணிலிருந்து தப்பச் சேர்ந்தவளும் இருந்திருப்பாள். மூன்றும் ஒரே பெண்ணாகவும் இருக்கலாம்.

10. பெயரை மாற்றுவது

ஆளின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தோட்டத்தின் பெயர், பக்கத்து ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றையும் மாற்றுங்கள். தோட்டங்கள் சின்னவை, பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். கேப்டன் லட்சுமி, ராணிப் படையின் ஜானகி போன்ற வரலாற்று மனிதர்கள் கதையில் வரலாம், ஆனால் அவர்கள் வாயில் நீங்களாக ஒரு அந்தரங்கத்தைப் போடாதீர்கள். காப்பகப் புகைப்படத்தை அட்டைக்குப் போடுவதாக இருந்தால் அச்சுக்கு மூன்று மாதம் முன்பே அனுமதி கேளுங்கள். இணையத்தில் பார்க்க முடிகிறது என்பது அச்சிட அனுமதி ஆகாது. பல காப்பகங்கள் விற்பனைக்குரிய நூலுக்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன.

11. முடித்த பிறகு

முதலில் ஒரு சிறுகதையை இதழுக்கு அனுப்புங்கள். மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களின் கண்ணில் பட்டால் பிழைகள் தாமாக வந்து சேரும், நாவலுக்கு அது லாபம். பிரதியை இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள்: பால்மரம் வெட்டிய ஒருவர், அந்தக் காலத்து வரலாறு தெரிந்த ஒருவர். முதலாமவருக்குப் படிக்கச் சிரமம் என்றால் வாசித்துக் காட்டுங்கள். எங்கே குறுக்கிட்டுப் பேசுகிறாரோ அங்கே திருத்தம் இருக்கிறது. இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் பதிப்பகத்தை விட்டு விலகுங்கள்.

ஒலிப்பதிவுகளை இரண்டு இடத்தில் சேமித்து, ஒரு பிரதியைப் பேசியவரின் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். புத்தகம் வந்ததும் முதல் பிரதிகள் அவர்களுக்குத்தான். மலேசியாவுக்கு அஞ்சல் செலவு சமயத்தில் புத்தக விலையைத் தாண்டிவிடும். அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவது மலிவு.